எந்த சிட்காம் பார்க்கலாம்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிட்காம், அதாவது ஒரே பாத்திரங்கள் எபிசோட் தோறும் வரும் நகைச்சுவைத் தொடர், பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வரிசைப்படி பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் நிறையப் பார்த்தது அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்கள்தான். அனிமேஷன் என் பேட்டை இல்லை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை: முதல் எபிசோடை வைத்து எந்த சிட்காமையும் எடை போடாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

புதுமுகம்: நான் ஒரு சிட்காம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

‘ஃபால்டி டவர்ஸ்’. 1975-இல் ஆறு எபிசோட், 1979-இல் ஆறு. மொத்தமே பன்னிரண்டு. பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டமில்லை. ஓர் ஓட்டல், அதை நடத்தும் பேசில் என்ற சிடுமூஞ்சி, அவர் மனைவி சிபில், பணிப்பெண் பாலி, ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பணியாள் மானுவல். ஜான் கிளீசும் கோனி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். இருவரும் கணவன் மனைவி. இரண்டாவது வரிசை ஒளிபரப்பானபோது விவாகரத்தே ஆகியிருந்தது. எழுத்தில் அதன் சுவடுகூடத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது கதைப்பின்னல். பேசில் ஒரு சின்னப் பொய் சொல்வார். அதை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மற்றொன்று. இரண்டாவது வரிசையின் முதல் எபிசோடில் மனைவிக்குத் தெரியாமல் குதிரைப் பந்தயத்தில் பணம் ஜெயிக்கிறார். விஷயம் மானுவலுக்குத் தெரியும். “உனக்கு எதுவும் தெரியாது, சரியா?” என்று உருப்போட வைக்கிறார். கடைசியில் அந்தப் பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க மானுவலின் சாட்சி தேவைப்படும்போது, அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “எனக்கு எதுவும் தெரியாது” என்கிறான். சொன்னதைச் சரியாகச் செய்த பெருமை அவன் முகத்தில் வழியும். பேசிலின் முகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காபி_பிரியை: ‘ஃப்ரெண்ட்ஸ்’ நல்லதா, ‘சீன்ஃபெல்ட்’ நல்லதா? வீட்டில் சண்டையே நடக்கிறது.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் சண்டை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (1994–2004, 236 எபிசோட்) பார்க்கும்போது அந்த ஆறு பேரோடு நாமும் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றும். ‘சீன்ஃபெல்ட்’ (1989–1998, 180 எபிசோட்) அதற்கு நேர் எதிர். அந்த நாலு பேரில் ஒருவரையும் வீட்டுக்குள் விடமாட்டீர்கள். கட்டிப்பிடித்து அழுவதும் கிடையாது, கடைசியில் பாடம் கற்றுக்கொள்வதும் கிடையாது என்பதை அந்தத் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் ஒரு விதியாகவே வைத்திருந்தார். 1991-இல் வந்த ‘தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்’ எபிசோடில் மூன்று பேர் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. எபிசோட் ஓடும் நேரமும் அவர்கள் காத்திருக்கும் நேரமும் ஒன்றே. சேனல்காரர்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இன்று அந்தத் தொடரின் மிகச் சிறந்த எபிசோட்களில் ஒன்று எது என்று கேட்டால் அதைத்தான் பலரும் சொல்வார்கள்.

என் ஓட்டு சீன்ஃபெல்டுக்கு. ஆனால் பைலட்டில், அதாவது சோதனையாக எடுத்த முதல் எபிசோடில், தொடங்காதீர்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியான எலெய்ன் அதில் இல்லவே இல்லை. முதல் சீசன் மொத்தமே ஐந்து எபிசோட், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரெண்டாவது_டீ: அண்ணே, ‘தி ஆபீஸ்’ பிரிட்டிஷ் பார்க்கணுமா அமெரிக்கனா?

இரண்டும், தம்பி. பிரிட்டிஷ் முதலில். 2001-இல் தொடங்கிப் பன்னிரண்டு எபிசோட், பிறகு 2003-இல் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி இரண்டு. ரிக்கி ஜெர்வைஸ் நடித்த மேலாளர் டேவிட் பிரெண்டைப் பார்த்தால் கூச்சத்தில் நெளிவீர்கள், அதுதான் நோக்கம். அமெரிக்கத் தொடரின் (2005–2013) முதல் எபிசோட் இதன் நகல், அதனால்தான் ஒட்டவில்லை. இரண்டாவது சீசனில் அமெரிக்க மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கொஞ்சம் இளக்கினார்கள். முட்டாள்தான், ஆனால் கெட்டவன் இல்லை, விற்பனையில் கெட்டிக்காரன். அங்கிருந்துதான் தொடர் தொடர் ஆனது. மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெல் ஏழாவது சீசனில் விலகுகிறார். அங்கே நிறுத்திவிட்டு நேரே கடைசி எபிசோடுக்குப் போய்விடலாம்.

சும்மா_ஒருவன்: ‘பிக் பேங் தியரி’?

279 எபிசோட். எங்கே நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நடுநிசி: எந்த ஓடிடியில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்று ஒன்றில் இருக்கும், அடுத்த மாதம் வேறொன்றில். தேடிப் பாருங்கள்.

சத்தமில்லாதவன்: பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டாலே அணைத்துவிடுவேன். எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்கு எவனும் சொல்ல வேண்டாம். யூடியூபில் சிரிப்பை நீக்கிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ காட்சிகள் இருக்கின்றன, பாருங்கள். மயான அமைதி. அதில் ஜோக்கே இல்லை என்பதுதானே உண்மை?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அந்த வீடியோக்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

முதலில், அது எல்லாம் மெஷின் சிரிப்பு இல்லை. 1951-இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோதே பார்வையாளர்களை உட்கார வைத்து, மூன்று ஃபிலிம் கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டி எடுத்தார்கள். எதிரே ஆளிருந்தால்தான் நாயகி லூசில் பாலுக்கு நடிப்பு களைகட்டும். மூன்று கோணத்துக்கும் ஒரே சமயத்தில் பொருந்துகிற மாதிரி ஒளியமைத்தவர் கார்ல் ஃப்ராயண்ட். ‘மெட்ரோபோலிஸ்’ என்ற புகழ்பெற்ற மௌனப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அதே மனிதர். ‘சீயர்ஸ்’, ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஃப்ரேசியர்’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. எதிரே சில நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வசனத்துக்கு அவர்கள் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி வேறு வசனம் எழுதித் தருவார்கள்.

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் லண்டனில் எடுத்த எபிசோடில் (1998) சாண்ட்லரின் படுக்கையிலிருந்து மோனிகா தலையை நீட்டியபோது கூட்டம் கத்திய கத்தல் சாமானியமானது இல்லை. அது ஓரிரவுச் சமாசாரமாக முடிய வேண்டியது. அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் எழுத்தாளர்கள் அந்த ஜோடியை வளர்த்தார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வந்த சத்தம் இல்லை அது. என்ன எழுத வேண்டும் என்று எழுத்தாளர்களுக்குச் சொன்ன சத்தம்.

இரண்டாவது, நடிகர் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருக்கிறார். சிரிப்பு ஏறி உச்சம் தொட்டு இறங்கும் நேரத்தில் அடுத்த வசனத்தை விடுகிறார். சிரிப்பை நீக்கினால் அந்தக் காத்திருப்பு மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். தாளத்தை எடுத்துவிட்டுப் பாட்டு சரியில்லை என்பது போலத்தான் இது.

சத்தமில்லாதவன்: மழுப்பல். நல்ல ஜோக் அமைதியிலும் நிற்கும். ‘ஃப்ளீபேக்’கில் சத்தம் உண்டா?

இல்லை. அங்கே காத்திருப்பும் இல்லை. அதை எழுதி நடித்த ஃபீபி வாலர்-பிரிட்ஜ் கேமராவைத் திரும்பிப் பார்க்கும் அந்த அரை நொடிதான் அங்கே தாளம். அது ஒரு வித்தை, இது இன்னொன்று.

பழைய_ரசிகர்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ‘மேஷ்’ தொடரை பிபிசி சிரிப்பில்லாமல்தான் ஒளிபரப்பியது. அங்கே ஒரு குறையும் தெரியவில்லையே. உங்கள் வாதம் அங்கே அடிபடுகிறதே?

ஐயா, நல்ல கேள்வி. அடிபடவில்லை. போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் ‘மேஷ்’ (1972–1983) சினிமா மாதிரி ஒற்றைக் கேமராவில் எடுத்தது. எதிரே ஒருவரும் உட்காரவில்லை. சிரிப்பைப் பிறகு ஒட்டினார்கள், சேனல் வற்புறுத்தியதால். தொடரை உருவாக்கிய எழுத்தாளர் லாரி கெல்பர்ட்டுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு கிடையாது என்று போராடி வாங்கினார். நடிகர்கள் காத்திருக்கவில்லை, அதனால் நீக்கினாலும் ஓட்டை விழவில்லை. சத்தமில்லாதவரின் கோபம் நியாயமானது, ஆனால் அது போக வேண்டிய இடம் இந்த ஒட்டுச் சிரிப்பு. சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950-களில் சிரிப்புப் பெட்டி ஒன்றைச் செய்தார். டைப்ரைட்டர் மாதிரி சாவிகள், ஒவ்வொன்றிலும் ஒருவகைச் சிரிப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காதபடி பூட்டியே வைத்திருந்தார். அந்தப் பெட்டி வந்த தொடர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

காபி_பிரியை: அப்படியானால் ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’? அதில் கூட்டம் இருந்ததா இல்லையா?

நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ். காட்சிகள் சட்டுச் சட்டென்று மாறுவதால் ஆட்களை உட்கார வைத்து எடுக்க முடியவில்லை. எடுத்து முடித்து, தொகுத்ததை ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரித்ததைப் பதிவு செய்து சேர்த்தார்கள். மனிதர்கள் சிரித்ததுதான், ஆனால் நடிகருக்கு அது கேட்கவில்லை. உற்றுக் கேட்டால் அந்த வித்தியாசம் தெரியும்.

சத்தமில்லாதவன்: நீங்கள் என்ன சொன்னாலும் சிரிப்புச் சத்தம் ஒரு ஊன்றுகோல்தான்.

ஒரே ஒரு காட்சி பாருங்கள், போதும். ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’, 1989, ‘யப்பி லவ்’ எபிசோட். நாயகன் டெல் பாய் மது விடுதியில் பெரிய மனுஷத் தோரணையில் நிற்கிறார். பணியாளர் கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டுப் போகிறார், டெல் பார்க்கவில்லை. பேசிக்கொண்டே சாய்கிறார். பலகை இல்லை. கையை ஊன்றவில்லை, முழங்காலை மடக்கவில்லை, வெட்டிய மரமாகப் பக்கவாட்டில் அப்படியே போகிறார். பக்கத்தில் நிற்கும் நண்பன் டிரிகர் திரும்பிப் பார்க்கிறான், ஆளைக் காணோம். கீழே பார்க்கத் தோன்றவில்லை, வாசல் பக்கம் பார்க்கிறான். ஜோக்கில் பாதி அந்தப் பார்வைதான். பார்வையாளர்கள் சிரித்து முடிக்கும்வரை அவன் அந்தக் குழப்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். பார்த்துவிட்டு வாருங்கள்.

இலைச்சருகு: ‘ஃப்ரெண்ட்ஸ்’ பார்க்கலாமா, ‘சீன்ஃபெல்ட்’ பார்க்கலாமா?

மேலே.

அரசு_ஊழியன்: அலுவலக அரசியல் பிடிக்கும். ஏதாவது சொல்லுங்கள்.

‘யெஸ் மினிஸ்டர்’ (1980–84), அதன் தொடர்ச்சி ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ (1986–88). அமைச்சர் எதையாவது மாற்ற நினைப்பார். அவருடைய செயலர் சர் ஹம்ஃப்ரி ஒருபோதும் ‘முடியாது’ என்று சொல்லமாட்டார். குழு அமைக்கலாம் என்பார், துணிச்சலான முடிவு என்பார். ‘துணிச்சலான’ என்ற சொல்லைக் கேட்டதும் அமைச்சருக்கு முகம் வெளிறும். அடுத்த தேர்தல் போச்சு என்று அதற்குப் பொருள். அமைச்சர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள். அதனால்தான் எந்த ஆட்சியில் பார்த்தாலும் பொருந்துகிறது. மார்கரெட் தாட்சருக்கு ரொம்பப் பிடித்த தொடர் இது. யாரைக் கிண்டல் செய்கிறது என்பது அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

மழைக்காலம்: ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

1977-இல் வந்தது. பல நாட்டுக்காரர்கள் ஆங்கிலம் கற்கும் வகுப்புதான் களம். ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரே குணம், ஒரே ஜோக், அதையே வாரா வாரம். இரண்டு எபிசோடில் சிரித்தேன், மூன்றாவதில் அடுத்த வசனத்தை நானே சொல்லத் தொடங்கிவிட்டேன். ‘ஃபால்டி டவர்ஸ்’ மானுவலும் அரைகுறை ஆங்கில ஜோக்தானே, அது மட்டும் என்ன ஒழுங்கா என்று கேட்பீர்கள். அங்கே அடி வாங்குவது மானுவல், அசிங்கப்படுவது பேசில்.

படுத்துப்பார்ப்பவன்: ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ முதல் எபிசோட் பார்த்தேன். தேறாது.

முதல் வரியில் என்ன சொன்னேன்? முதல் சீசன் ஆறே எபிசோட், அதில் நாயகி லெஸ்லி நோப்பை அசட்டுப் பெண்ணாகக் காட்டிவிட்டார்கள். அடுத்த சீசனில் அவளைக் கெட்டிக்காரியாக்கி, சுற்றியிருப்பவர்களை அசடாக்கினார்கள். இரண்டாவது சீசனில் தொடங்குங்கள்.

ஜன்னலோரம்: ‘ஃப்ரேசியர்’ முதல் எபிசோட் பார்த்தேன், கொஞ்சம்...

இதற்குமேல் பைலட் கேள்வி வந்தால் பதில் கிடையாது. ஆனால் ‘ஃப்ரேசியர்’ என்பதால் மன்னிக்கிறேன். ஆறாவது சீசனில் ‘த்ரீ வேலன்டைன்ஸ்’ (1999) தேடிப் பாருங்கள். ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ் தனியாக ஒரு விருந்துக்குத் தயாராகிறான். பேன்ட்டின் மடிப்பு சரியில்லை, கழற்றி இஸ்திரி போடுகிறான். ஒரு நூல் பிரிந்து நிற்கிறது, கத்தரிக்கோல் எடுக்கிறான். விரலில் கீறல். ரத்தத்தைப் பார்த்ததும் மயக்கம். எழுந்தால் சோபாவில் கறை. துடைக்கப் போகிறான், மறுபடி ரத்தம், மறுபடி மயக்கம். தீயணைப்புக் கருவி வரைக்கும் போகிறது. வசனமே இல்லாமல் பல நிமிடங்கள். நைல்ஸாக நடிக்கும் டேவிட் ஹைட் பியர்ஸ் இதைக் கூட்டத்தின் முன்னால் செய்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

வார_இறுதி: ஒரே உட்காரலில் பத்து எபிசோட் பார்க்கத் தோதான சிட்காம்?

வேண்டாம். வாரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு எழுதியது. மூன்றாவதிலேயே பாத்திரங்களின் சின்னச் சின்னப் பழக்கங்கள் எரிச்சலூட்டத் தொடங்கும், பழியைத் தொடர்மீது போடுவீர்கள். நாளுக்கு இரண்டு போதும்.

புது_ஐடி: தி ஆபீஸ் பிரிட்டிஷா அமெரிக்கனா?

மேலே, ரெண்டாவது_டீ தம்பிக்குச் சொன்னது.

சத்தமில்லாதவன்: டெல் பாய் விழுவதைப் பார்த்தேன். சிரித்தேன். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை.

சரி, விட்டுவிடுகிறேன். உங்களுக்கு ‘டிடெக்டரிஸ்ட்ஸ்’. 2014-இல் தொடங்கியது, மூன்று சீசன். மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு வயலில் புதையல் தேடும் இரண்டு நண்பர்கள். எழுதி இயக்கி நடித்தவர் மெக்கன்சி க்ரூக், பிரிட்டிஷ் ‘ஆபீஸி’ல் கேரத்தாக வந்தவர். சிரிப்புச் சத்தம் அறவே கிடையாது. முதல் எபிசோட் மெதுவாகத்தான் போகும், என்ன சொல்லப்போகிறேன் என்று உங்களுக்கே தெரியும். முடித்துவிட்டு வாருங்கள், மிச்சச் சண்டையைப் போடுவோம்.