மறுநடவு செய்யாத சரிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நம் மொரீஷியஸின் சாமரெல் மலைப்பாதையில் பஸ்ஸில் போனேன். என் சிறுவயதில் கரும்பு நின்ற சரிவுகள் இப்போது புதராகக் கிடக்கின்றன. தாத்தா கல் பொறுக்கிச் சீர்செய்த எங்கள் 2 ஆர்பாங் நிலமும் அப்படித்தான். இந்தத் தலைமுறைக்கு உடம்பு வணங்கவில்லை என்கிறேன். என் மகன் சண்டைக்கு வருகிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், காத்ர் போர்ன்

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மகன் கட்சி. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: ஆர்பாங் என்பது ஏக்கரைவிடச் சற்றே பெரியது.)

கரும்பை யாரும் ஒரே நாளில் கைவிடுவதில்லை. ஒருமுறை கரணை நட்டால், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் மறுதாம்பை ஏழெட்டு ஆண்டுகள் வெட்டலாம். விளைச்சல் மெல்ல இறங்கும். பிறகு கட்டையைப் பெயர்த்து மறுபடி நட வேண்டும்; கைப்பணம் மொத்தமாக இறங்குவது அப்போதுதான். நிலத்துக்காரர் கணக்குப் பார்க்கிறார், "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். நிலத்தை விட்டுவிட்டேன் என்று அவர் வாயால் ஒருநாளும் சொல்வதில்லை.

அந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது? 1975 முதல் சர்க்கரை உடன்பாட்டின்படி நம்மிடம் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன்னை ஐரோப்பா உறுதியான விலைக்கு வாங்கியது. சரிவுக் கரும்பும் கட்டுபடியானது அந்த விலையால்தான். 2006-இலிருந்து அதைப் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தார்கள். 2009-இல் உடன்பாடே முடிந்தது. சமவெளியில் பாறைகளை அகற்றி, துண்டு நிலங்களைச் சேர்த்து, எந்திரத்தை இறக்கிச் சமாளித்தார்கள். செங்குத்தான சரிவில் அறுவடை எந்திரம் நிற்காது. ஆள்தான் வெட்ட வேண்டும், சுமந்து இறக்க வேண்டும். ஆலைகள் மூன்றாகச் சுருங்கிவிட்டதால் லாரிக்கூலி வேறு. குரங்குகள் தின்றது போக மிஞ்சுவதற்குத்தான் இத்தனையும்.

தாத்தாவால் மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். களை எடுத்ததும் கரும்பின் காய்ந்த இலையான சோகையை உரித்ததும் உங்கள் பாட்டியும் அத்தைமாரும் அல்லவா? அவர்களுக்குக் கூலி என்று தாத்தா ஒரு ரூபாய் எழுதியிருக்க மாட்டார். 1970-இல், ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. எண்பதுகளில் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியபோது மாதச் சம்பளத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சரிவு நிலம் தளர்ந்தது அன்றைக்கே என்பது என் எண்ணம். ஐரோப்பிய விலைதான் பிறகும் கொஞ்ச காலம் அதை மறைத்து வைத்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. இங்கே பிரெஞ்சு வழிக் குடிமைச் சட்டம், பிள்ளைகளுக்குச் சமபங்கு. என் மாமாவின் நிலத்துக்கு ஏழு வாரிசுகள், மூவர் பிரான்சில். குத்தகைக்கு விடலாம் என்றால்கூட ஏழு பேரும் ஒப்ப வேண்டும். ஒப்புவதற்குள் சீனக்கொய்யா காடாகிவிட்டது. போன பருவத்தில் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு அங்கேயே பழம் பறிக்கப் போனோம். கல்யாணமான புதிதில் தான் சுமந்து குவித்த கற்குவியலைக் காட்டுகிறேன் என்று மாமி முன்னால் நடந்தார். அரைமணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை.

உங்கள் 2 ஆர்பாங்கின் பத்திரம் இன்று யார் யார் பெயரில் இருக்கிறது? மகனோடு அடுத்த சண்டைக்கு முன் அதை எடுத்துப் பாருங்கள். இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் எனக்கு எழுதுங்கள். மாமா வீட்டார் எங்கெங்கே அலைந்தார்கள் என்று விவரமாகச் சொல்கிறேன்.