காய்ச்சலில் தெளியும் மகன்: ப்ரோக்கோலி கேப்ஸ்யூல் கொடுக்கலாமா?

கேள்வி: கேத்தியில் காய்கறி விவசாயம் செய்யும் குடும்பம் நாங்கள். ஐந்து வயது மகனுக்கு ஆட்டிசம். இரண்டு மூன்று சொற்கள்தான் பேசுவான். போன வருடம் இரண்டு தடவை வலிப்பு வந்ததால் வேல்ப்ரோயேட் சிரப் கொடுத்து வருகிறோம். காய்ச்சல் அடிக்கிற நாட்களில் மட்டும் என் முகத்தைப் பார்க்கிறான், தானாக வந்து மடியில் உட்காருகிறான். குன்னூரில் ஒருவர், ப்ரோக்கோலி முளையில் இருந்து எடுத்த கேப்ஸ்யூலை வைத்துக் குழந்தைகளிடம் ஆய்வு நடக்கிறது, உங்கள் பையனையும் சேருங்கள் என்கிறார். மாதம் ஒரு பாட்டில், 3,800 ரூபாய். மூன்று மாதத்தில் பேச்சு வந்துவிடும், சிரப்பையும் மெதுவாக நிறுத்திவிடலாம் என்கிறார். சேரலாமா? எங்கள் தோட்டத்திலேயே ப்ரோக்கோலி விளைகிறது, அதைக் கொடுத்தால் போதாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் சிரப். அதை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். வேல்ப்ரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேப்ஸ்யூல் விற்க வந்தவர் அதில் தலையிட்டதுமே எனக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது.

காய்ச்சல் விஷயத்தில் நீங்கள் கவனித்தது சரியான கவனிப்பு. உங்களைப் போன்ற தாய்மார்கள் பல ஊர்களில் இதையே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 30 குழந்தைகளைக் காய்ச்சலின்போதும் அது விட்ட பிறகும் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காய்ச்சலில் படபடப்பும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் பல குழந்தைகளிடம் குறைந்திருந்தன. காய்ச்சல் வந்தால் உடலின் செல்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சில புரதங்களை உண்டாக்குகின்றன. காய்ச்சல் இல்லாமலே அதைத் தூண்ட முடியுமா என்று தேடியவர்கள் வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்றுதான் ப்ரோக்கோலியிலிருந்து கிடைக்கும் சல்ஃபோரஃபேன். அதற்காகக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். வலிப்பு உள்ள குழந்தைக்குக் காய்ச்சலை அப்படியே விடுவது ஆபத்து.

ஆக, கேப்ஸ்யூல்காரர் சொல்வதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. 2014-இல் 13 முதல் 27 வயது வரையுள்ள 44 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். 18 வாரம் சிலருக்கு ப்ரோக்கோலிச் சத்து, சிலருக்கு மருந்தில்லாத போலி கேப்ஸ்யூல். சத்து எடுத்தவர்களில் பலரிடம் நல்ல மாற்றம் தெரிந்தது, நிறுத்தியதும் அது பெரும்பாலும் போய்விட்டது. அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது இது: சத்து எடுத்தவர்களில் இரண்டு பேருக்கு வலிப்பு வந்தது. இருவருக்குமே ஏற்கனவே வலிப்பு இருந்திருக்கிறது. ப்ரோக்கோலிச் சத்துதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகனும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறான்.

அப்புறம் சிறு குழந்தைகளிடம் சோதித்தபோது அந்த வேகம் காணவில்லை. அமெரிக்காவில் 3 முதல் 12 வயது வரையுள்ள 57 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், முக்கிய அளவுகோலில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. செக் குடியரசில் 40 குழந்தைகளுக்கு 36 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. சீனாவில் நடந்த ஓர் ஆய்வு மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. இந்த நிலையில் மூன்று மாதத்தில் பேச்சு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"போலி கேப்ஸ்யூல் எதற்கு, என் பிள்ளையை எனக்குத் தெரியாதா" என்று தோன்றும். 1998-இல் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி பெரிய பரபரப்பானது. வயிற்றுப் பரிசோதனைக்காக அதைப் போட்ட ஒரு பையன் பேசத் தொடங்கிவிட்டான் என்று செய்தி. அடுத்த வருடம் 60 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்குச் செக்ரெட்டினும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பெண் போட்டவர்களுக்கும் தெரியாது. உப்புநீர் போட்ட குழந்தைகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியிருந்தார்கள்! பெற்றோர் பொய் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை எப்படியும் வளர்கிறான், தெரபி வேலை செய்கிறது, நாமும் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டால் நாளெல்லாம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ப்ரோக்கோலிச் சத்தில் இன்னொரு சிக்கல், முள்ளங்கி போல ஒரு காரவாடை அடிக்கும். உங்கள் மகன் கேப்ஸ்யூல் விழுங்கமாட்டான், பிரித்து மோரில்தான் கலப்பீர்கள். கிண்ணத்தை மோந்து பார்த்தாலே எது அசல் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நல்ல ஆய்வென்றால் இதற்கும் வழி செய்திருப்பார்கள்.

குன்னூர்க்காரர் நடத்துவது ஆய்வு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்வில் சோதிக்கிற பொருளுக்குக் குழந்தையின் வீட்டாரிடம் காசு வாங்கமாட்டார்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவுசெய்ய சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அவரிடம் அந்தப் பதிவு எண்ணையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும், தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தையும் கேளுங்கள். ஏதாவது பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். உணவுச் சப்ளிமென்ட் என்றால், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சடித்திருக்க வேண்டும், அது சட்டம். அந்த வரி இருக்கும் பாட்டிலைக் காட்டித்தான் பேச்சு வரும் என்கிறாரா, பாருங்கள்.

என் பதில்: வேண்டாம், சேர்க்காதீர்கள். முறையான ஆய்வு ஒன்று பின்னால் வந்தாலும், வலிப்பு மருந்து சாப்பிடுகிறான் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவனைச் சேர்க்கமாட்டோம் என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள், அப்படிச் சொல்கிற இடம்தான் ஒழுங்கான இடம்.

உங்கள் தோட்டத்து ப்ரோக்கோலி தாராளமாகக் கொடுங்கள், மருந்தாக அல்ல, காயாக. பூச்சிமருந்து அடித்த பிறகு அறுக்காமல் விடவேண்டிய நாள் கணக்கை, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் மூட்டைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கு எடுக்கும் பூவுக்கும் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கழுவி, லேசாக ஆவியில் வேகவைத்தால் போதும். குழைய வேகவைத்தால் சல்ஃபோரஃபேன் உண்டாக்கும் நொதி செத்துவிடும். கடுகுப்பொடி ஒரு சிட்டிகை தூவினால் அந்த நொதி அதில் இருக்கிறது. ஆனால் ஆய்வில் கொடுத்த அளவு சமையலில் வராது. சாப்பிடமாட்டேன் என்றால் திணிக்காதீர்கள், சாப்பாட்டு நேரமே அவனுக்குப் பயமாகிவிடும்.

முளையில் சத்து அதிகம் என்று கேள்விப்பட்டு, விதைப்புக்கு வாங்கிய பாக்கெட்டை உடைத்து வீட்டில் முளைகட்டிவிடாதீர்கள். இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி வருகிறதே, அது பூஞ்சாணக் கொல்லி தடவிய விதை. அந்த நிறம் கழுவினாலும் முழுதாகப் போகாது.

மாதம் 3,800 ரூபாய் ஒதுக்க முடியும் என்றால், அதைப் பேச்சுப் பயிற்சிக்கும் ஊட்டி போய்வரும் பஸ் செலவுக்கும் வையுங்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் (டி.இ.ஐ.சி.) பயிற்சி இலவசம். அடுத்த தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்தால், என்ன செய்தான், எத்தனை மணிக்கு, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று ஒரு நோட்டில் எழுதி, வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.