பச்சையை விடுங்கள், பழுப்பைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் பிறந்த விஞ்ஞானியின் வெண்கலச் சிலை பத்தே ஆண்டில் பச்சை பூத்துவிட்டது. காலடியிலிருந்து பீடத்தில் பழுப்புக் கோடுகளும் இறங்குகின்றன. விழாவுக்குள் தங்க நிற பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறது குழு. அடிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். பெயின்ட்டுக்கு அடியில் ஈரம் தங்கும், பிறகு செதில் செதிலாக உரியும். கண்ணோர வரிகளும் கையிலுள்ள ஏட்டில் பொறித்த சமன்பாடும் அதற்குள் மூடிப்போயிருக்கும். விஞ்ஞானி யாரோ ஒரு தலைவராகிவிடுவார்.

பச்சை என்பது செம்பின் களிம்பு. சீராக, கெட்டியாக ஒட்டியிருந்தால் உலோகத்துக்கு அதுவே சட்டை. நியூட்டன் பள்ளியில் படித்த கிரான்தம் நகரில் 1858-இல் நிறுவிய அவரது வெண்கலச் சிலை இன்றும் வெட்டவெளியில்தான் நிற்கிறது. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது குளோரைடு அரிப்பு, அதாவது உப்பால் வரும் அரிப்பு. உலோகப் பாதுகாப்பு தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

உங்கள் சிக்கல் அந்தப் பழுப்புக் கோடுதான். வெண்கலத்திலிருந்து இரும்புத்துரு வராது. பெரிய சிலை உள்ளே வெறும் கூடு, சுவர் பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதைத் தாங்க உள்ளே கம்பி வைப்பார்கள். அது சாதா இரும்பாக இருந்து, தண்ணீரும் புகுந்தால், வெண்கலத்தைத் தொட்டிருக்கும் இரும்புதான் முந்திக்கொண்டு அரிபடும். துரு பல மடங்கு உப்பி, கணுக்காலையும் பீடத்துக் கல்லையும் பிளந்துவிடும். வார்ப்பின்போது உள்ளே வைத்த கருமண்ணை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் விட்டிருந்தால், அதுவும் பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

முதலில் வலுவான காந்தத்தைக் கணுக்காலில் வைத்துப் பாருங்கள். இழுத்தால் உள்ளே இரும்பு என்று கொள்ளலாம். இழுக்கவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், கம்பி சுவரைவிட்டுத் தள்ளியிருக்கலாம். அடுத்து, பாதத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீர் வடியும் துளை இருக்கிறதா, சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் 8 மி.மீ. துளை ஒன்று போட வேண்டும். அதன் வழியே சிறு குழாய்க் கேமராவை நுழைத்தால் கம்பியின் நிலை தெரிந்துவிடும். துரு முற்றியிருந்தால் கிரேன் வைத்து இறக்கி, எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எவர்சில்வர் கம்பிக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. பெயின்ட் காசை அதற்கு வையுங்கள்.

வெளிப்புறத்துக்கு மென்மையான சோப்பு நீர், நார்த் தூரிகை, நல்ல தண்ணீர் போதும். புளிப்பான எதையும் தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்தபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மிக மெல்லிதாகத் தடவித் துணியால் துடையுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை.