பாஸ்டர் ஜெபித்தார், முழங்கால் சுகமானது: இனி அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கா?

கேள்வி: நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். நான் கத்தோலிக்கக் குடும்பம், கணவர் சைவம். அம்மாவுக்கு இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலிருந்து முழங்கால் வருத்தம். தடி இல்லாமல் கிணற்றடிக்கும் போகமாட்டார். போன வருசம் தம்பி ஒரு புதிய சபையில் சேர்ந்தான். மாசி மாதம் அங்கே நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்ததும் அம்மா தடியைப் போட்டுவிட்டு நடந்தார். நானும் அங்கேதான் நின்றேன். இன்றும் தடி இல்லாமல் நடக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாஸ்டர் வைத்ததுதான் சட்டம். விசுவாசம் இருந்தால் சீனிக் குளிசை (நீரிழிவு மாத்திரை) தேவையில்லை என்றார், அம்மா குளிசையை நிறுத்திவிட்டார். மடு மாதா கோவிலுக்குப் போகக்கூடாது, வீட்டில் வைத்திருக்கும் மடு மண்ணை வெளியே கொட்டு என்றார். மாமனாரின் திவசத்துக்கு நான் போனது பாவமாம். இப்போது வீதிக்கரைக் காணியில் அரை ஏக்கரைச் சபைக்கு எழுதித் தரச் சொல்கிறார். நான் ஏதாவது கேட்டால் தம்பி, "அற்புதம் கடவுள் குத்தின முத்திரை. முத்திரையைப் பார்த்த பிறகும் சந்தேகமா?" என்கிறான். அற்புதம் நடந்தது உண்மை என்றால் அவர் சொல்வதும் கடவுள் சொல்வதுதானே? எனக்குப் பதில் தெரியவில்லை. (ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, முதலில் குளிசை. மற்றதெல்லாம் பிறகு பேசுவோம். அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். சீனி ஏறுவது வெளியே உடனே தெரியாது. ஆள் நல்லாகத்தான் நடமாடுவார், உள்ளே கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் பழுதாகிக்கொண்டிருக்கும். குளிசையை இடையில் விட்டதை டொக்டரிடம் மறைக்கவேண்டாம். ஏசுவார், ஏசட்டும். பழைய அளவிலேயே தொடங்குவதா, மாற்றுவதா என்பதை அவர்தான் சொல்லவேண்டும், நானும் இல்லை, பாஸ்டரும் இல்லை.

இனி உங்கள் கேள்வி. அம்மா நடந்ததை நான் மறுக்கப் போவதில்லை. முழங்கால் நோவு கூடும் குறையும், பாட்டும் கைதட்டலும் நிறைந்த கூட்டத்தில் மனம் பொங்கினால் நோவு மறந்தும் போகும் என்று டொக்டர்மார் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். கடவுளே தொட்டும் இருக்கலாம். தம்பியோடு இந்த இடத்தில் மல்லுக்கட்டாதீர்கள். அற்புதம்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழுக்குவது அதற்கு அடுத்த படியில்.

தம்பி ஒன்றும் பிதற்றவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவனுடைய வாதம் பழைய வாதம், மரியாதையான வாதம். இரவில் இயேசுவிடம் வந்த நிக்கதேம் இதைத்தான் சொன்னார்: கடவுள் கூட இல்லாவிட்டால் நீர் செய்யும் இந்த அடையாளங்களை யாராலும் செய்ய முடியாது. கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனை இயேசு எழுப்பியதும், பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்பதைக் காட்டத்தான் என்று மாற்கு 2-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. 1870-ல் கத்தோலிக்க ஆயர்மார் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கமும் அற்புதங்கள் கடவுளின் வெளிப்படுத்தலுக்கு உறுதியான அடையாளங்கள் என்று எழுதி வைத்தது. ஆகவே கிறிஸ்தவத்தில் அற்புதத்துக்கும் அதிகாரத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் முத்திரை எதன்மேல் குத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? விதானையார் (கிராம சேவையாளர்) உங்கள் வதிவிடக் கடிதத்தில் முத்திரை குத்தித் தருகிறார். நீங்கள் இந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி. அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவும் என்னுடையது என்று வேலி போட முடியுமா? திமிர்வாதக்காரன் கதையில் முத்திரை மன்னிக்கும் அதிகாரத்தின்மேல் விழுந்தது, அதைச் சொன்னவரே செய்தும் காட்டினார். உங்கள் அம்மாவின் முழங்காலில் விழுந்த முத்திரை என்ன சொல்கிறது? கடவுள் ஒரு தாய்க்கு இரங்கினார் என்று சொல்கிறது. சீனிக் குளிசையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. காணியைப் பற்றியும் இல்லை.

இது நான் கெட்டித்தனமாகக் கண்டுபிடித்த நியாயம் அல்ல, வேதாகமமே படித்துப் படித்துச் சொல்வது. நிக்கதேம் வருவதற்குச் சற்று முன், யோவான் 2-ஆம் அதிகாரக் கடைசியில், அடையாளங்களைப் பார்த்துப் பலர் நம்பினார்கள் என்றும் இயேசுவோ அவர்களை நம்பிவிடவில்லை என்றும் இருக்கிறது. தம்பி கையில் வைத்திருக்கும் வேதாகமத்தில் உபாகமம் 13 (உங்கள் வீட்டுப் புத்தகத்தில் இணைச்சட்டம் என்று இருக்கும்): ஒருவன் சொன்ன அடையாளம் பலித்தாலும், கடவுளைவிட்டு வேறு வழிக்கு அவன் கூப்பிட்டால் போகாதே. பலித்தாலும்! போலி அற்புதத்தைப் பற்றி மட்டும் அங்கே பேச்சு இல்லை, நடந்த அற்புதத்தைப் பற்றித்தான். மத்தேயு 7-ல், உம்முடைய பெயரால் அற்புதங்கள் செய்தோமே என்று வந்து நிற்பவர்களிடம் இயேசு, நீங்கள் அற்புதம் செய்யவில்லை என்று சொல்லவில்லை. உங்களை எனக்குத் தெரியாது என்கிறார். மறுபக்கம் திருமுழுக்கு யோவான். அவர் ஒரு அற்புதமும் செய்யவில்லை என்று மக்களே சொன்னார்கள், அதே மூச்சில் அவர் சொன்னதெல்லாம் உண்மை என்றும் சொன்னார்கள்.

உங்கள் வீட்டுக்கென்றே எழுதியது போல ஒரு கதை இருக்கிறது: நாமான், 2 அரசர் 5. தம்பியின் புத்தகத்தில் 2 இராஜாக்கள். நாமான் சீரிய நாட்டுப் படைத்தளபதி, குஷ்டரோகி. தீர்க்கதரிசி எலிசா அவரை யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முழுகச் சொல்கிறார். எங்கள் ஊர் ஆறுகள் இதைவிடத் திறமில்லையா என்று அவர் கோபித்துக்கொண்டு கிளம்ப, வேலைக்காரர்கள் சமாதானம் சொல்லி இறக்குகிறார்கள். தோல் சின்னப் பிள்ளையின் தோல் மாதிரி வந்துவிடுகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு வருவது.

சுகமான மனிதர் திரும்பி வந்து காணிக்கை நீட்டுகிறார். கொண்டு வந்தது சின்னத் தொகை இல்லை: பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் பொன், பத்துச் சோடி உடுப்பு. எலிசா ஒன்றையும் தொடவில்லை. வற்புறுத்தியும் தொடவில்லை. சரி, வாங்காவிட்டால் எனக்காவது ஒன்று தாரும் என்கிறார் நாமான். என்ன கேட்கிறார் தெரியுமா? இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு மண்! அந்த மண்ணைத் தன் ஊருக்குக் கொண்டுபோகவேண்டுமாம். எலிசா அதைக் கொட்டு என்று சொல்லவில்லை. அடுத்து நாமான் இன்னொன்று கேட்கிறார், இது உங்களுக்கு. என் அரசர் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையில் சாய்ந்துகொண்டு போவார், நானும் அங்கே குனியவேண்டி வரும், கடவுள் அதை மன்னிப்பாரா என்று கேட்கிறார். தீர்க்கதரிசியின் பதில் ஒரே வரி: சமாதானத்தோடு போ. இனி நீங்கள் மாமனாரின் திவசத்தில் நின்று பந்தி பரிமாறிவிட்டு வந்ததைப் பாவக் கணக்கில் எழுதுகிறவர், எலிசாவைவிடக் கண்டிப்பானவராகத்தான் இருக்கவேண்டும்.

கதை அங்கேயும் முடியவில்லை. எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்கு மனம் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், ஐயா கேட்டு அனுப்பினார் என்று பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு சோடி உடுப்பும் வாங்கி வந்து ஒளித்து வைக்கிறான். அற்புதம் நடந்தது உண்மைதான், செய்தவரும் கடவுளின் ஆள்தான், அதைக் காட்டி ஒரு பொருள் வாங்கியதுதான் குற்றம். நாமானின் குஷ்டம் கேயாசிக்கு வந்தது. இலவசமாகப் பெற்றீர்கள், இலவசமாகக் கொடுங்கள் என்று இயேசு சீடர்களுக்குச் சொன்னதும் நோய்களைக் குணமாக்க அனுப்பும்போதுதான். அரை ஏக்கரைப் பற்றி இதைவிட என்ன சொல்ல?

மருந்து? எசேக்கியா அரசனுக்கு நீ பிழைப்பாய் என்று கடவுளின் வாக்கைச் சொன்ன அதே எசாயா, புண்ணின்மேல் அத்திப்பழ அடை வைக்கவும் சொன்னார். தொழுநோய் நீங்கினவனை இயேசு, போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்று அனுப்பினார். சுகமானதை உறுதிப்படுத்துவது அந்தக் காலத்தில் குருவின் வேலை, இன்று அது கிளினிக்கின் வேலை. கடவுள் அம்மாவின் சீனியையும் குணமாக்கியிருந்தால் இரத்தச் சோதனை அதைச் சொல்லிவிடப் போகிறது. சோதனைக்குப் பயப்படுகிற அற்புதம் என்ன அற்புதம்?

எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. மடு மண் பாம்புக்கடியைத் தீர்க்கும் என்று நம்பிப் பொட்டலம் கட்டி வருகிறோம். வைத்திருங்கள், தவறில்லை. ஆனால் புடையன் கடித்தவனுக்கு மண்ணைப் பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருக்கிற கத்தோலிக்கரும் உங்கள் பாஸ்டரும் ஒன்றுதான். அதேபோல எல்லாச் சபைகளையும் நான் ஒரே கயிற்றில் கட்டவும் இல்லை. ஜெபித்துவிட்டு, கிளினிக்குக்கும் போய்விட்டு வாங்கோ அம்மா என்று அனுப்புகிற பாஸ்டர்மார் இருக்கிறார்கள்.

திருச்சபை இந்த விசயத்தில் ஆமை வேகம், அது நல்லதுக்குத்தான். லூர்து நகரில் 1858-க்குப் பிறகு சுகமானோம் என்று பதிந்தவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல். டொக்டர்மார் பார்த்து, ஆயர்மார் பார்த்து, அற்புதம் என்று ஏற்றது எழுபது சொச்சம்தான். அந்த எழுபதையும்கூட நம்பியே ஆகவேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இலங்கையில் ஊழியம் செய்த எங்கள் யோசே வாஸ் அடிகளாரைப் பாருங்கள். கண்டியில் மழை பொய்த்தபோது அவர் ஜெபிக்க மழை கொட்டியது என்று வரலாறு சொல்கிறது. அரசன் விமலதர்மசூரியன் அதற்குப் பிறகும் பௌத்தனாகவே இருந்தான், அடிகளார் அவனை மிரட்டவும் இல்லை, காணி கேட்கவும் இல்லை. 1697-ல் கண்டியில் அம்மை பரவியபோது மற்றவர்கள் ஓட, அவர் நின்று நோயாளிகளைப் பார்த்தார். 2015-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, வழக்கமாகக் கேட்கும் இரண்டாவது அற்புதத்தை போப் பிரான்சிஸ் கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் வன்னியில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. 1999 நவம்பர் 20-ஆம் திகதி இரவு, மடுக் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். பத்து வருசத்தில் முள்ளிவாய்க்கால். பங்கருக்குள் இருந்து செபமாலை சொன்னவர்களும் செத்தார்கள், தேவாரம் சொன்னவர்களும் செத்தார்கள், ஒன்றும் சொல்லாதவர்கள் சிலர் தப்பினார்கள். விசுவாசம் இருந்தால் சுகம் என்று கணக்குப் போடுகிறவர் இந்தச் சனத்துக்கு முன்னால் வந்து அந்தக் கணக்கைச் சொல்லட்டும்.

இதில் உங்கள் அம்மாவுக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. நாளைக்கு மாரி வந்து முழங்கால் திரும்ப நோகத் தொடங்கினால், உங்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்பார்கள். நோவோடு குற்ற உணர்வையும் அவர் சுமக்கவேண்டி வரும். இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: பவுல் தன் உடலில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தரம் மன்றாடினார், எடுக்கப்படவில்லை. எத்தனையோ பேரைக் குணமாக்கிய அதே பவுல், தன் தோழர் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். யாரும் அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை.

காணி விசயத்தில் அவசரப்படாதீர்கள். உறுதிக் காணியா (சொந்தப் பத்திரம் உள்ளது), பெர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்தது) என்று நீங்கள் எழுதவில்லை. பெர்மிட் என்றால் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கைமாற்ற முடியாது, அதோடு பேச்சு முடிந்தது. உறுதி என்றாலும், வெற்றுக் கடுதாசியிலோ முத்திரை ஒட்டிய தாளிலோ அம்மா கையெழுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறுதியை உங்கள் கணவரின் பொறுப்பில் வைப்பதைவிட அம்மாவுக்கு நம்பிக்கையான ஒரு மூத்த உறவினரிடம் கொடுத்து வைப்பது நல்லது. மருமகன் எடுத்துவிட்டான் என்று தம்பி ஒரு கதை கட்ட இடம் வைக்கவேண்டாம்.

தம்பியைப் பகைக்காதீர்கள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனது அவனுடைய பாசம். அவனோடு அற்புதம் பொய்யா மெய்யா என்று வாதாடினால் நீங்கள்தான் தோற்பீர்கள், ஏனென்றால் அம்மா அவன் கண்முன்னே நடக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, அவனுடைய புத்தகத்திலேயே 2 இராஜாக்கள் 5-ஐச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டங்களில் அநேகமாக 14-ஆம் வசனத்தில், நாமான் சுகமானதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் 27 வரை விடாமல் வாசிக்க வையுங்கள்.