ஆறாவது இடத்தில் இருக்கும் கட்சி

கேள்வி: ஈரிபப்ளிக் என்ற இணைய விளையாட்டில் இந்தியாவின் குடிமகனாக இருக்கிறேன். உறுப்பினர் எண்ணிக்கையில் எங்கள் கட்சி ஆறாவது. எங்களுக்கு மேலே இருக்கும் ஒரு கட்சி, கலைத்துவிட்டு வந்து சேர்ந்துவிடுங்கள் என்கிறது. சேரலாமா?
- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: சேராதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால், விளையாட்டு தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். இதன் நாள்கணக்கு 2007 நவம்பரில் தொடங்குகிறது. நிஜ நாடுகளின் பெயரில் நாடுகள், அவற்றில் குடிமக்கள், கட்சிகள், பத்திரிகைகள், போர்கள் எல்லாம் உண்டு. ஆள்வதும் ஓட்டுப் போடுவதும் விளையாடுகிறவர்கள்தான். மாதாமாதம் 15ஆம் தேதி கட்சித் தலைவர் தேர்தல், 25ஆம் தேதி காங்கிரஸ் தேர்தல், 5ஆம் தேதி நாட்டின் அதிபர் தேர்தல். காங்கிரஸ் என்றால் அங்கே நாடாளுமன்றம், வரி விகிதத்தையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். உறுப்பினர் எண்ணிக்கையில் முதல் ஐந்து கட்சிகள்தான் அதற்கு வேட்பாளர் நிறுத்த முடியும் என்பது விதி. ஆறாவது கட்சிக்கு எவ்வளவு நல்ல ஆள் இருந்தாலும் பலன் இல்லை, உங்கள் வயிற்றெரிச்சல் அதுதானே?

எனக்கும் இந்த விதி பிடிக்காது. ஆனால் அதற்காகக் கட்சியைக் கலைத்தால், பெரிய கட்சிக்குள் நீங்கள் ஒரு மூலையில் நிற்கும் சிறு கூட்டமாகிவிடுவீர்கள், அங்கே வேட்பாளர் பட்டியல் அவர்களுடைய தலைவர் கையில் இருக்கும், அடுத்த மாதம் தலைவர் மாறினால் இன்று கொடுத்த வாக்கை யார் காப்பாற்றுவார்கள்? அதைவிட, போட்டியிட விரும்பும் ஓரிருவரை மட்டும் தேர்தலுக்கு அந்தக் கட்சிக்கு அனுப்புங்கள், பதிலுக்கு அவர்களுடைய அதிபர் வேட்பாளருக்கு உங்கள் ஓட்டு என்று பேசி முடியுங்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஐந்தாவது கட்சிக்கும் உங்களுக்கும் எத்தனை பேர் வித்தியாசம் என்று தினமும் பாருங்கள், சில சமயம் நாலைந்து புது ஆட்களைச் சேர்த்தாலே போதும்.

கேள்வி: 15ஆம் தேதி நெருங்கும்போது முன்பின் தெரியாத சிலர் எங்கள் கட்சியில் சேர்ந்திருக்கிறார்கள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?
- அதே மாணவர்

பதில்: பயப்படுங்கள். வெளியாட்கள் கும்பலாக வந்து சேர்ந்து, ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளைத் தலைவராக்கிக் கட்சியைக் கைப்பற்றுவதை அங்கே பி.டி.ஓ. (பொலிட்டிகல் டேக்ஓவர், அதாவது அரசியல் கைப்பற்றல்) என்பார்கள். நாடுகளையே இப்படிப் பிடித்திருக்கிறார்கள். சிறிய கட்சியில் இது ரொம்பச் சுலபம், ஏனென்றால் பட்டியலில் பெயர் இருக்கும் பாதிப் பேர் ஓட்டுப் போடவே வரமாட்டார்கள். முதல் ஐந்துக்குள் இருக்கும் கட்சியில் 15ஆம் தேதி தலைவர் பதவி போனால், 25ஆம் தேதிக்கான பட்டியலும் சேர்ந்து போகும். நீங்கள் ஆறாவது என்பதால் அந்த ஆபத்து இப்போது இல்லை, ஆனால் கட்சியே போய்விடும். புதியவர்கள் ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பி, எங்கிருந்து வருகிறார்கள், முன்பு எந்தக் கட்சி என்று கேளுங்கள், உண்மையாக வந்தவர் பதில் சொல்வார். அப்புறம், பழைய ஆட்களை 15ஆம் தேதி ஒவ்வொருவராக நினைவுபடுத்தி ஓட்டுப் போட வையுங்கள். நல்ல ஆள் இரண்டு பேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள விடாதீர்கள், ஒருவரை முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: காங்கிரஸில் இடமே இல்லாத கட்சியால் நாட்டுக்கு என்ன பயன்?
- வாசகி, மதுரை

பதில்: பத்திரிகை இருக்கிறதே! யார் வேண்டுமானாலும் அங்கே பத்திரிகை நடத்தலாம், கட்டுரைக்கு வாசகர்கள் ஓட்டுப் போட்டால் அது மேலே ஏறி நாடு முழுக்கத் தெரியும். வரியை ஏற்றும் மசோதா வந்தால், அன்றாடம் வேலை பார்க்கும் ஒரு புதுக் குடிமகனின் சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டு அன்றைக்கே எழுதுங்கள். ஆளும் கட்சிக்காரர்கள் பின்னூட்டத்தில் வந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்கள் கட்சியைத் தேடி வருகிறவர்தான் உங்களுக்கு நிலையான உறுப்பினர்.