கோட்டோரம் நின்றவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் கால்பந்து வீரர் லெரோய் சானேயின் ஆட்டத்தைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். மான்செஸ்டர் சிட்டியில் அப்படி மின்னியவர் பயர்ன் மியூனிக்கில் ஏன் மங்கிப்போனார்? சோம்பேறித்தனம்தானே காரணம்? 2018 உலகக் கோப்பைக்கு அவரை அழைத்துப் போயிருந்தால் ஜெர்மனி முதல் சுற்றில் வெளியேறியிருக்காது அல்லவா? இப்போது துருக்கிக்குப் போனது பணத்துக்காகவா? அவரா, அவரோடு பயர்னில் ஆடிய செர்ஜ் நாப்ரியா, யார் பெரிய ஆட்டக்காரர்?

ர.

அன்புள்ள ர.,

சில நாட்களாக நானும் சானேயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஓர் ஆட்டக்காரரை இத்தனை வருடம் விடாமல் பார்ப்பது பிரியம் இல்லாமல் நடக்காது. அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் ‘சோம்பேறி’ என்று எழுதும்போது உங்கள் கை கொஞ்சமாவது தயங்கியிருக்க வேண்டாமா? 2019 ஆகஸ்டில் வெம்ப்ளியில், லிவர்பூலுக்கு எதிரான ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே வலது முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் சிலுவைத் தசைநார் போய், ஏறக்குறைய ஒரு சீசனையே இழந்தவர் அவர். முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று திரும்புவதுதான் அவருடைய பிழைப்பு. அந்தக் காலை மறுபடி அதே வேலைக்குப் பழக்கிக் கொண்டுவந்தவரை, தோளைத் தொங்கப்போட்டு நடக்கிறார் என்பதற்காகச் சோம்பேறி என்பீர்களா? நடையை வைத்து ஆளை எடைபோடுவதை விட்டுவிடுங்கள்.

துருக்கி விஷயத்தை இழுக்க வேண்டாம். 2025 கோடையில் ஒப்பந்தம் முடிந்தது, கலாத்தாசராய்க்குப் போனார், நல்ல சம்பளம் வாங்குகிறார், வாங்கட்டும். 2018இல் ஜெர்மனியின் பயிற்சியாளர் லோவ் அவரை விட்டுவிட்டு யூலியன் பிராண்ட்டைக் கூட்டிப்போனது தவறுதான். ஆனால் மெக்சிகோவின் எதிர்த்தாக்குதலில் பின்பக்கம் ஆளே இல்லாமல் திறந்து கிடந்த அணி அது. முன்னால் ஓரத்தில் ஆடுகிற ஒரு விங்கர் வந்து அந்த ஓட்டையை எப்படி அடைத்திருக்க முடியும்?

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. சானேக்குப் பக்கத்தில் லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத் தடுப்பாளராக, யார் ஆடினார்? இதை யாரும் கேட்பதில்லை.

2017-18 சீசனுக்காக சிட்டி வாங்கிய லெஃப்ட் பேக் பெஞ்சமின் மெண்டி, மைதானத்தின் பக்கக் கோட்டை ஒட்டி மேலும் கீழும் ஓடுகிறவர். செப்டம்பரிலேயே முழங்கால் காயத்தோடு அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்த ஃபேபியன் டெல்ஃப் அடிப்படையில் மிட்ஃபீல்டர். பந்து சிட்டியிடம் இருக்கும்போது அவர் வெளியே ஓடாமல், உள்ளே நகர்ந்து நடுக்களத்தில் ஃபெர்னாண்டினோவின் பக்கத்தில் நின்றுகொள்வார். அதனால் இடது கோட்டோரம் முழுக்கச் சானேக்கு மட்டுமே ஆனது. இடது காலால் ஆடுகிறவர், இடது பக்கம், பூட்ஸில் சுண்ணாம்பு ஒட்டும் அளவுக்கு வெளியே.

மைதானத்தின் அகலம் 68 மீட்டர். அதை நான்கு டிஃபெண்டர்கள் மூட முடியாது. சானே கோட்டோரம் நின்றால் எதிரணியின் வலது ஓரத் தடுப்பாளர், ரைட் பேக், வெளியே வந்தாக வேண்டும். வந்தால் அவருக்கும் மத்தியில் நிற்கிற சென்டர் பேக்குக்கும் நடுவே சந்து விழும், அதற்குள் சிட்டியின் மிட்ஃபீல்டர் டேவிட் சில்வா ஓடுவார். சென்டர் பேக் சில்வாவைத் துரத்தினால் கோல் முன்னால் ஆள் குறையும், துரத்தாவிட்டால் சில்வா தனியாக நிற்பார். ரைட் பேக் வெளியே வரவில்லை என்றால் சானே திரும்பி ஓட இடம் கிடைக்கும். ஓட ஆரம்பித்தவர் டிஃபெண்டரின் வெளித்தோள் பக்கமாகப் போய், கோல்கோட்டுக்கு மிக அருகில் பந்தைத் தாழ்வாக, அழுத்தமாகக் குறுக்கே அடிப்பார். அந்தப் பந்து கோல்கீப்பருக்கும் டிஃபெண்டர்களுக்கும் இடையில் போகும். டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்தே ஓடிவருவதால், காலை நீட்டினால் சொந்தக் கோலாகிவிடலாம் என்ற பயம் வேறு. பந்து கொஞ்சம் பின்னோக்கி வந்தால் அதற்குப் பின்னால் இருப்பவருக்கு ஆஃப்சைடே கிடையாது. தூரக் கம்பத்தருகே மறுபக்க விங்கர் ரஹீம் ஸ்டெர்லிங் வந்து தட்டிவிடுவார். அந்த சீசனில் லீக்கில் ஸ்டெர்லிங்குக்கு 18 கோல், சானேக்கு 10 கோலும் 15 அசிஸ்டும் (கோலுக்குக் கொடுத்த பாஸ்), சிட்டிக்கு 100 புள்ளி.

லெஃப்ட் பேக்கும் வெளியே ஓடிவந்தால் இதெல்லாம் கெட்டுப்போகும். அவர் கூடவே ஒரு எதிரணி ஆளையும் இழுத்துவருவார், சானேக்குத் திறந்திருந்த புல்வெளியில் நான்கு பேர் முட்டிக்கொள்வார்கள். 2020இல் பயர்னுக்குப் போனபோது அங்கே அல்ஃபோன்சோ டேவிஸ் இருந்தார். லெஃப்ட் பேக், அவரும் இடது காலால் ஆடுகிறவர், அசுர வேகம், அதே கோட்டோரம்தான் அவருக்கும் வேண்டும். ஒரு பாதையில் இரண்டு ரயில் எப்படி ஓடும்? சானேயைப் பல ஆட்டங்களில் வலது பக்கம் தள்ளினார்கள். முன்பு பயர்னில் இருந்த ராபன் இடது காலை வைத்துக்கொண்டு அங்கேதானே ஆடினார் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. ராபனுடைய காலடிகள் குட்டி குட்டியானவை, காலடிக்கொரு தொடுதல். பந்து காலோடு ஒட்டியே வரும். அதனால் நெரிசலுக்குள் இரண்டே தொடுதலில் உள்ளே வெட்டி அடிக்க முடிந்தது. சானே எட்டிப்போட்டு ஓடுகிறவர். ஒரு தொடுதலுக்கும் அடுத்த தொடுதலுக்கும் நடுவில் பந்து தூரமாகப் போய்விடும். வெட்டவெளியில் அதுதான் வேகம், உள்ளே மூன்று பேர் நிற்கிற இடத்தில் அதுவே பந்தைப் பறிகொடுக்க வைக்கும். 2021 ஆகஸ்டில் கொலோனுக்கு எதிராகச் சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்து விசிலடித்தார்கள். நீங்கள் மங்கல் என்று சொல்வது இந்தக் காலத்தைத்தான். பிறகு பயர்னின் பயிற்சியாளர் நாகெல்ஸ்மான் அவரை மறுபடி இடது பக்கம் கொண்டுவந்து, டேவிஸைக் கோட்டோரம் ஓடவிட்டு, சானேயைச் சற்று உள்ளே நிறுத்தினார். உடனே வேறு ஆளானார். 2023 இலையுதிர்காலத்தில் வலது பக்கமே நின்றும் கோல்களைக் குவித்தாரே என்று கேட்பீர்கள். பயர்னின் ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் பின்னால் இறங்கி வருவார், சென்டர் பேக் அவரைத் தொடர்வார், விட்டுப்போன இடத்துக்குள் சானே பாய்வார். அங்கேயும் வெட்டவெளிதான்.

2019 ஜனவரி 3, லிவர்பூலுக்கு எதிராக 72ஆவது நிமிடம் அவர் அடித்த கோலை மறுபடி பாருங்கள். இடது காலால் தாழ்வாக அடித்த பந்து தூரக் கம்பத்தில் பட்டு உள்ளே போகும். அதை எல்லோரும் பார்த்தாயிற்று. நீங்கள் அதற்குச் சில நொடிகள் முன்னால் நிறுத்துங்கள். ஸ்டெர்லிங் பந்தோடு நடுவில் வருகிறார், டிஃபெண்டர்கள் அவரை நோக்கிக் குவிகிறார்கள். இடது ஓரத்தில் சானே. அவருக்கு வெளியே சிட்டி ஆள் ஒருவரும் இல்லை.