வசதியாக வாழும் கிறிஸ்தவர் ஒடுக்கப்பட்டோருக்கு உதவியே ஆக வேண்டுமா? வசதியே பாவமா?

முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு விவிலியத்தின் தீர்க்கதரிசி ஆமோஸைப் படியுங்கள். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, அரசன் இரண்டாம் யெரொபெயாம் ஆட்சியில் இஸ்ரயேலின் தலைநகர் சமாரியாவில் செல்வம் கொழித்தது. தந்தக் கட்டிலில் படுத்து, கொழுத்த கன்றைத் தின்று, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்களை ஆமோஸ் சாடுகிறார். (தந்தக் கட்டில் கற்பனையில்லை, சமாரியா அகழாய்வில் தந்தச் செதுக்கல்கள் ஏராளமாகக் கிடைத்தன.) ஆனால் குற்றம் கட்டிலில் இல்லை. ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்ற நாட்டில், அந்த நாசத்தைப் பற்றி அவர்கள் கவலையே படவில்லை.

லூக்கா நற்செய்தி 16-இல் இயேசு சொல்லும் கதையில் வரும் பணக்காரனும் ஏழை லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு வரி கிடையாது. வாசலில் கிடந்தவனைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவே.

தானதர்மத்தோடும் ஆமோஸ் விடவில்லை. அன்று வழக்குகள் தீர்க்கப்பட்ட நகர வாசலில் நியாயத்தை நிலைநாட்டுங்கள் என்கிறார் (5:15). ‘மாதாமாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறேனே’ என்பவர்களுக்கு இதுதான் சங்கடம்.